மூணார் குளிரும் ஹைபிரிட் மைலேஜும்

மார்கழி வந்தா போதும், இங்க மூணார்ல ஹைபிரிட் கார் (பெட்ரோல் இன்ஜினும் பேட்டரி மோட்டாரும் சேர்ந்தது) வச்சிருக்கவங்க எல்லாம் "மைலேஜ் போச்சு, பேட்டரி அவுட்டு போல"ன்னு ஒரே புலம்பல். பேட்டரிக்கு ஒண்ணும் ஆகல அண்ணே. செண்டுவாரை பக்கம் புல்லெல்லாம் வெள்ளையா உறைபனி புடிச்சு கிடக்குற காலைல ஸ்டார்ட் பண்ணா, இன்ஜின் சூடேறுற வரைக்கும் தானா ஆஃப் ஆகாது, நின்னாலும் ஓடிக்கிட்டே இருக்கும், அதுவரைக்கும் நாம ஓட்டுறது சாதா பெட்ரோல் வண்டிதான்! இதுல லயத்துல (எஸ்டேட் லைன் வீடு) இருந்து பசாருக்கு ஒரு நடை, திரும்ப வந்து ஆறப்போட்டு ஸ்கூலுக்கு ஒரு நடைன்னா எப்படி மைலேஜ் வரும். பால், ரேஷன், ஸ்கூல் எல்லாத்தையும் ஒரே ரவுண்டா முடிங்க. நிறுத்தி வச்சு சூடு பண்றதும் வேஸ்ட், மெதுவா உருட்டிட்டே போனா சீக்கிரம் சூடாகும்.

ஹீட்டர் இன்னொரு திருடன். அந்த சூடு இன்ஜின் கூலண்ட்ல இருந்துதான் வருது, அதனால ஃபுல்லா வச்சா மாட்டுப்பட்டி ரோடு ஜாம்ல நிக்கும்போது கூட உங்களுக்கு சூடு குடுக்கவே இன்ஜின் ஓடும். ஸ்வெட்டர் போட்டுட்டு ஹீட்டரை கொறச்சு வைங்க. ஆனா கண்ணாடில ஆவி புடிச்சா யோசிக்காம டீஃபாகர் போட்டுருங்க, அங்க போய் பெட்ரோல் கணக்கு பாக்காதீங்க.

டயர் காத்து, 10 டிகிரி கொறஞ்சா 1.5ல இருந்து 2 பி.எஸ்.ஐ வரை எறங்கும். காலைல ஓட்டுறதுக்கு முன்னாடியே செக் பண்ணணும்.

யூடியூப் பாத்துட்டு, இன்ஜின் சீக்கிரம் சூடாகட்டும்னு முன்னாடி கிரில்ல அட்டை சொருகுறாங்க சிலர். அது மைனஸ் 20ல ஓட்டுறவன் பண்றது, அடிமாலில இருந்து ஃபுல் லோடுல ஏறும்போது இன்ஜின் கொதிச்சா தெரியும்.

நம்ம ஊர்ல நெஜமான லாபம் எறக்கத்துலதான், பிரேக் புடிக்கும்போது மோட்டாரே பேட்டரியை சார்ஜ் பண்ணும். பூப்பாறைல இருந்து போடிமெட்டு ஏத்தத்துல பேட்டரி நல்லா தீர்ந்துரும், அங்கிருந்து போடிக்கு கிட்டத்தட்ட 1000 மீட்டர் எறக்கம், ஆனா நம்ம ஹைபிரிட் பேட்டரி டொயோட்டா ஹைரைடர் மாதிரி வண்டில ஒரு யூனிட் கரண்ட் கூட புடிக்காது. மொதல்ல கியரை டி-யிலயே (D) வச்சு பிரேக்கை பூப்போல அமுத்தி வாங்க, கொஞ்சம் வளைவுலயே ஃபுல் ஆயிரும், அப்புறம் B-க்கு (இன்ஜினே வண்டியை இழுத்துப் புடிக்கிற கியர், பார்க்கிங் P இல்ல) மாத்திருங்க, இல்லன்னா பிரேக் கருகுற வாசம் வரும். கீழ சமதளம் வந்ததும் அந்த சார்ஜ்ல சத்தமே இல்லாம கொஞ்ச தூரம் ஓடும் பாருங்க, அதான் சுகம். அதுக்குள்ள வெயில் அடிச்சு ஏசி போடணும், அது வேற கணக்கு.