வாவா பெடலின் குரலை இறக்குதல்

யூன் 8

வாவா பெடலின் (கிற்றார் ஒலியை வாய் திறந்து மூடுகிறதுபோல் மாத்துகிற கால்மிதி) அடித்தகட்டைக் கழற்றி மேசையில் வைத்திருக்கிறேன். கிரைபேபி என்கிற பிரபல பெடலின் வகைச் சுற்று: இரண்டு ட்ரான்சிஸ்டர், 500 மில்லிஹென்றிச் சுருள், மிதியோடு பல்லுச்சட்டத்தால் திரும்புகிற 100 கிலோ ஓம் பொட் (திருக்கிக் கூட்டிக் குறைக்கிற தடை). எங்கடை கோஷ்டிக்கு இதன் குரல் உயரம் கூடிப்போச்சு. முன்பக்கம் அமுக்கினால் பாடகியும் கீபோர்டும் நிற்கிற இடத்திலேயே போய் இடிக்குது. கலியாண வீட்டு ஹோர்ன் ஸ்பீக்கரில் என்றால் சொல்லத் தேவையில்லை.

இத்தாலிச் சுருள் வாங்கச் சொல்லித்தான் ஆளாளுக்குப் புத்தி சொல்கிறார்கள். வெளியிலிருந்து எடுப்பிக்கவேணும், விலையும் கடிக்கும். எனக்கு வேண்டியது இறக்கம். அதுக்குக் கெப்பாசிற்றர் போதும்.

யூன் 9

கணக்குப் பார்த்தேன். அந்தச் சுருளும் 0.01 மைக்ரோஃபரட் கெப்பாசிற்றரும் தனியே சேர்ந்தால் ஏறத்தாழ 2,250 ஹேட்ஸில் ஒத்திசையும். மிதி நிற்கிற இடத்துக்கேற்ப அந்தக் கெப்பாசிற்றரைப் பல மடங்கு பெரிசாய்க் காட்டுவதுதான் இரண்டாவது ட்ரான்சிஸ்டரின் வேலை. அதனால்தான் குதியை அமுக்க உச்சம், அதாவது உரத்துக் கேட்கிற அதிர்வெண், 400, 500 ஹேட்ஸ் வரை இறங்குது. அந்தக் கெப்பாசிற்றரின் பெறுமதியைக் கூட்டினால் மேல் எல்லையும் கீழ் எல்லையும் சேர்ந்தே இறங்கும். ஆனால் வர்க்கமூலக் கணக்கு: ஒரு ஸ்தாயி இறக்க நாலு மடங்கு வேணும். எனக்கு அவ்வளவு வேண்டாம்.

1966இல் தோமஸ் ஓர்கன் கொம்பனியில் பொறியாளர் பிராட் பிளங்கெட்டுக்கு இந்த வாவாச் சுற்று அகப்பட்டதே, அம்பிளிபயர் சுவிட்ச் ஒன்றுக்குப் பதிலாய்ப் பொட் போடப்போன இடத்தில்தான்.

யூன் 15

கஸ்தூரியார் வீதியில் ரேடியோ திருத்துகிற அண்ணையிடம் 4.7 நானோஃபரட் கேட்டேன். செராமிக் ஒன்றை நான் எடுக்க, "உது வேண்டாம் தம்பி, தட்டினாலே சத்தம் எடுக்கும். மைலார் போடும்" என்றார். மைலார் என்றால் பிளாஸ்ரிக் படலக் கெப்பாசிற்றர். காலால் மிதிக்கிற சாமானுக்கு அது பெரிய விஷயம்.

பழைய 0.01 மைக்ரோவை, அதாவது 10 நானோவை, கழற்றவில்லை. அதன் கால்களிலேயே பக்கமாய்ச் சோல்டர் பிடித்தேன், 10உம் 4.7உம் கூடி 14.7. உச்சம் மூன்று அரைச்சுரத்துக்குச் சற்றுக் கூடவே இறங்கிவிட்டது. முன்பக்கம் முழுசாய் அமுக்கினாலும் கீச்சில்லை. பேஸ் கிற்றார்காரர் போடுகிற 22 நானோ அளவுக்குப் போயிருந்தால் எனக்குச் சேறாய்த்தான் கேட்டிருக்கும்.

யூன் 16

சுருளுக்குப் பக்கமாய் 33 கிலோ ஓம் தடை இருக்கிறது, மூன்று செம்மஞ்சள் கோடு. அதைக் கூட்டினால் உச்சம் கூராகும். 68 போட்டேன். அறைக்குள் தனியே வாசிக்க ஊவிலிருந்து ஆவுக்கு வாய் திறக்கிறது அப்படியே கேட்குது. இரவு பன்னிரண்டு மணிவரை இதே விளையாட்டு. அம்மா கதவைத் தட்டினா.

யூன் 22

கொக்குவிலில் ஒத்திகை. டிரம்ஸ் சேர்ந்த உடனே 68 மெலிந்து போச்சு. கூரான உச்சம் மட்டும் குத்துது, அதன் இரண்டு பக்கமும் வெறுமை. இடைவேளையில் 47 மாத்தினேன். கீபோர்ட் வாசிக்கிற தம்பி, "அண்ணை, இப்பதான் நீங்கள் என்ன கோர்ட் பிடிக்கிறியள் எண்டு விளங்குது" என்றான்.

யூன் 23

47 இருக்கட்டும். முதல் ட்ரான்சிஸ்டரின் எமிற்றர் என்கிற காலில் இருக்கிற 390 ஓமைக் குறைத்தால் சத்தமும் அடித்தொனியும் கூடும். அதைத் தொடப்போவதில்லை. கூட்டினால் மிக்ஸரில் நிற்கிறவர் என்னைத்தான் முதலில் குறைப்பார்.