மச்சான் வாங்கி வந்த குமிழி விளக்கு

காங்கேயத்துப் பக்கம் எங்கூர் மாரியம்மன் நோம்பிக்கு வந்த மச்சான், பலகாரப் பைக்குப் பதிலா ஒரு அட்டைப் பெட்டியோட கார்லேருந்து இறங்கினார். கைக்குழந்தையைக் கிடத்துற மாதிரி அதை ஆசாரத்துல வெச்சுப் பிரிச்சார். உள்ள ஒரு சீமெண்ணெய் விளக்கு. பச்சைக் கண்ணாடிக் குப்பி, பித்தளைத் திருகு, மேல சிம்னி. கோயமுத்தூர்ல ஒரு பழம்பொருள் கடையில பிடிச்சதாம்.

"மெசின்ல அடிச்சதில்லீங்க, வாயால ஊதிப் பண்ணது"ன்னு ஆரம்பிச்சார். பக்கவாட்டுல அச்சு இணைப்புக் கோடு இல்லை. உள்ள காத்துக் குமிழி. ஒரு பக்கம் கனம், ஒரு பக்கம் மெலிசு. அடியில கரடுமுரடா ஒரு வடு. ஊதி முடிச்சு இரும்புக் கம்பியில இருந்து ஒடச்சு எடுத்த இடம்.

அம்முச்சி வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க.

"ஏனுங் மாப்ள, அடி மூளியா இருக்குதுங்களே. பில்லு வெச்சிருக்கீங்களா? மாத்திக் குடுப்பான்."

"மூளி இல்லீங்க அம்முச்சி, அதான் அசலுக்கு அத்தாட்சி."

"குமிழி வேற வுழுந்திருக்குது. நாங்கெல்லாம் சந்தையில வெளிச்சத்துக்குக் காட்டிப் பாத்து, குமிழி இருந்தா அக்கட்டால தள்ளீருவோம்."

அவர் சொன்ன ஒவ்வொரு சிறப்பும் அம்முச்சி கணக்குல ஒரு பழுது. விலையைக் கேட்டாங்க. மச்சான் அக்காவைப் பார்த்தார். அக்கா அடுப்பைப் பார்க்கப் போயிட்டா.

பொழுதோட கரண்ட் போச்சு. மச்சானுக்குக் கொண்டாட்டம். ஆனா சீமெண்ணெய்க்கு எங்க போறது? கேஸ் வாங்கினதோட ரேசன்ல அது நின்னு போச்சு. தேங்காய் எண்ணெய் எங்க பக்கம் டின் டின்னாக் கிடைக்கும். அதையே ஊத்திப் பத்த வெச்சார். திரி நுனி கருகி அணைஞ்சுது. மறுபடியும் பத்த வெச்சார், மறுபடியும் அணைஞ்சுது. சாப்பிட உக்காந்த ஒறம்பரைகிட்ட, "1853-ல, இப்ப உக்ரைன்ல இருக்கற லிவீவ் நகரத்து ஆஸ்பத்திரியில ராத்திரி ஆபரேசனே சீமெண்ணெய் விளக்குலதாங்க நடந்துச்சு"ன்னார். இங்க ரசத்துக்கும் மோருக்கும் வித்தியாசம் தெரியல.

"தேங்கா எண்ணெ கெட்டிங் மாப்ள. பட்டைத் திரியில அத்தன ஒசரம் ஏறாது. அகல்ல பாருங்க, எண்ணெய ஒட்டியேதான் சுடர் நிக்கும்"னு அம்முச்சி ரெண்டு அகலைப் பத்த வெச்சாங்க. பந்தி நடந்துச்சு.

"உங்க காலத்து விளக்கெல்லாம் எங்கீங்க அம்முச்சி?"

நீலகிரி மலையில இருந்து பைக்காரா மின்சாரம் 1930-கள்லயே கோயமுத்தூர் மில்லுகளுக்கு வந்தாலும், எங்க தோட்டத்துக்கு வந்து சேர ரொம்ப நாளாச்சு. அதுவரைக்கும் அம்முச்சியோட மாமியார் வெச்சிருந்த விளக்குதான்.

"கரண்டு வந்த பொறவு பித்தளையப் போட்டு ஒரு எவர்சில்வர் போசி வாங்குனனுங்க. கண்ணாடிய அவன் வேண்டாம்னுட்டான்."

"அந்தக் கண்ணாடி?" மச்சான் குரலே மாறிப்போச்சு.

"ஒடச்சு மதுலு மேல பதிச்சாச்சுங்க. பூனை வந்து கோழிக்குஞ்சத் தூக்குச்சுல்லங்க."

பாதிச் சாப்பாட்டுல எழுந்திரிச்சு, செல்போன் டார்ச்சோட மதிலோரம் போனார். கொஞ்ச நேரத்துல இருட்டுக்குள்ள இருந்து சத்தம்: "அம்முச்சி, இதுலயும் குமிழி இருக்குதுங்க!"

"பொறவு எதுக்கு ஒடச்சமுங்கறீங்க?"