மொழிபெயர்ப்பாளர் எங்கே போனார்? மீதரவுத் தர ஆய்வில் நான் கடந்து வந்த வழி

முனைவர் பட்டத்துக்காக நான் முதலில் எழுதிக் கொடுத்த தலைப்பு 'மீதரவுத் தரங்களும் இணைந்தியங்குதன்மையும்' என்பதாகும். நெறியாளர் அதைப் படித்துவிட்டு, "எந்தப் பதிவு, எங்கிருந்து எங்கே போகிறது, போய்ச் சேர்ந்த இடத்தில் அதை யார் படிக்கப் போகிறார்கள் என்று முதலில் எழுதிக் கொண்டு வாருங்கள், தலைப்பைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்" என்றார். அந்த மூன்று கேள்விகளுக்கும் நேரான விடை எழுதுவதற்கே எனக்குப் பல மாதங்கள் பிடித்தன. இப்போது திரும்பிப் பார்க்கும்போது ஆய்வின் பெரும்பகுதி அந்த மாதங்களில்தான் நடந்தது என்று தோன்றுகிறது. இதே துறையில் காலெடுத்து வைப்பவர்களுக்கு உதவக்கூடும் என்பதால் அதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நாங்கள் பேச்சில் மெட்டாடேட்டா என்று சொல்லும் மீதரவு, ஒரு நூலைப் பற்றிய விவரங்களைத் தலைப்பு, ஆசிரியர், மொழி எனப் புலம் புலமாகப் பிரித்து வைப்பது. ஓர் அமைப்பு உருவாக்கிய அந்த விவரங்களை வேறோர் அமைப்பு பொருள் கெடாமல் வாங்கிப் பயன்படுத்த முடிந்தால் அவை இணைந்தியங்குகின்றன என்கிறோம். இதை ஸ்கீமா (புலங்களின் அமைப்புத் திட்டம்), பதிவு (ஒரு நூலின் விவரத் தொகுதி), களஞ்சியம் (பதிவுகளின் சேமிப்பிடம்) என்ற மூன்று மட்டங்களில் பிரித்துப் பார்க்கலாம் என்று ஆய்வாளர்கள் லோயிஸ் மை சானும் மார்சியா லெய் செங்கும் 2006-இல் காட்டியிருக்கிறார்கள். நான் நடு மட்டத்தை, அதாவது பதிவை, எடுத்துக்கொண்டேன். நூலகப் பட்டியலில் மார்க் 21 வடிவில் இருக்கும் பதிவுகளை எளிய டப்ளின் கோருக்கு மாற்றி, களஞ்சியங்களுக்கிடையே பதிவுகளைக் கொண்டுசெல்லும் ஓஏஐ-பிஎம்எச் நெறிமுறை வழியாக இன்னொரு களஞ்சியம் அறுவடை செய்துகொள்ளும்போது (அதாவது மொத்தமாக எடுத்துக்கொள்ளும்போது) எவை போகின்றன, எவை உருமாறுகின்றன என்பதே கேள்வியாக நின்றது.

இரண்டு தரங்களும் வெவ்வேறு நோக்கத்துக்காகப் பிறந்தவை என்பதை மறந்தால் இந்தக் கேள்வி விளங்காது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் 1960-களில் ஹென்ரியெட் அவ்ரம் தலைமையில் உருவான மார்க், பட்டியல் அட்டையில் இருந்த ஒவ்வொரு விவரத்தையும் கணினிக்குள் கொண்டுவர முயன்றது. அமெரிக்க, கனடிய வடிவங்கள் இணைக்கப்பட்டு 1999-இல் மார்க் 21 ஆயின. டப்ளின் கோரோ, ஒஹையோ மாநிலத்தின் டப்ளின் நகரில் 1995-இல் நடந்த பட்டறையிலிருந்து வளர்ந்தது. பட்டியலாக்கப் பயிற்சி இல்லாதவரும் ஓர் இணைய ஆவணத்தை விவரிக்க வேண்டும் என்பதற்காகப் பதினைந்தே கூறுகளோடு அது நின்றது. நூற்றுக்கணக்கான புலங்களைப் பதினைந்துக்குள் அடக்கும்போது இழப்பு இருக்கத்தான் செய்யும். எந்த இழப்பு தெரிந்தே செய்தது, எந்த இழப்பு யாருக்கும் தெரியாமலே நேர்ந்தது என்று பிரித்துக் காட்டுவதுதான் என் வேலை என்று புரிந்த நாளில் தலைப்பும் தானாகச் சுருங்கியது.

மாதிரிக்காக, கையால் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கக்கூடிய அளவுக்குத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பதிவுகளை எடுத்தேன். தனி நூல்கள், தொகுப்பு நூல்கள், மொழிபெயர்ப்புகள், இதழ்க் கட்டுரைகள் என நான்கு வகையும் இருக்கும்படி பார்த்துக்கொண்டேன். எந்த மார்க் புலம் எந்த டப்ளின் கோர் கூறுக்குப் போகும் என்று சொல்லும் பொருத்த அட்டவணையைக் காங்கிரஸ் நூலகமே வெளியிட்டிருக்கிறது. அதை அடிப்படையாக வைத்து என் அட்டவணையை எழுதி, அதன்படி ஒரு சிறு நிரலையும் எழுதி ஓடவிட்டபோது, பாதி ஆய்வு முடிந்துவிட்டதாகவே நம்பினேன்.

முதல் தமிழ்ப் பதிவிலேயே அந்த நம்பிக்கை உடைந்தது. தலைப்பின் கடைசி எழுத்துகள் அடுத்த புலத்தின் தொடக்கத்தில் நின்றன. அந்தப் புலத்தின் வால் அதற்கடுத்த புலத்தில் போய் ஒட்டிக்கொண்டிருந்தது. ஆங்கிலப் பதிவுகள் அத்தனையும் ஒழுங்காக இருந்தன. அட்டவணையில்தான் பிழை என்று நினைத்து இரண்டு வாரம் அதையே திருத்திக்கொண்டிருந்தேன். பிழை வேறிடத்தில் இருந்தது. மார்க் பதிவின் தொடக்கத்தில் 24 இடங்கள் கொண்ட லீடர் என்ற பகுதியும், அதையடுத்து டைரக்டரி என்ற வழிகாட்டிப் பகுதியும் உண்டு. டைரக்டரியில் ஒவ்வொரு புலத்துக்கும் 12 இலக்கங்கள்: முதல் மூன்று புலத்தின் எண், அடுத்த நான்கு அதன் நீளம், கடைசி ஐந்து அது தொடங்கும் இடம். யூனிகோடில் அமைந்த பதிவில் அந்த நீளத்தை எழுத்துகளால் அல்ல, பைட்டுகளால்தான் எண்ண வேண்டும். 'கல்வி' என்ற சொல் கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் க, ல, புள்ளி, வ, இகரக் குறி என ஐந்து குறியெண்கள். யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் அவை 15 பைட்டுகள். பதிவுகளை ஏற்றுமதி செய்த மென்பொருள் ஐந்து என்று எழுதி வைத்திருந்தது. ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக்கு ஒரு பைட் என்பதால் அங்கே இந்தக் குறை எவர் கண்ணிலும் படவில்லை. தரம் சரியாக இருந்தும், அதைக் கையாளும் கருவி ஒரே மொழியை மனத்தில் வைத்து எழுதப்பட்டிருந்தால் தரம் உதவாது என்பதை அன்று கண்ணால் பார்த்தேன். லீடரில் ஒன்பதாம் இடத்தில் 'ஏ' என்ற எழுத்து இருக்கிறதா என்று பார்ப்பதும் அதன் பிறகு பழக்கமாயிற்று. அது இருந்தால்தான் பதிவு யூனிகோட் என்று பொருள். வெற்றிடமாக இருந்தால் பழைய மார்க்-8 குறியாக்கம்.

குறியாக்கத்தில் இன்னொரு சிக்கல் கண்ணுக்கே தெரியாதது. 'பொருள்' என்ற சொல்லில் வரும் ஒகரக் குறியை ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம், எகரக் குறியும் கால் குறியும் சேர்ந்த இரண்டு குறியெண்களாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும், தேடலில் ஒன்று மற்றொன்றைக் கண்டுபிடிக்காது. யூனிகோட் இயல்பாக்கம் இதைச் சரிசெய்துவிடும் என்பதால் எல்லாப் பதிவுகளையும், இத்தகைய குறிகளை ஒரே குறியெண்ணாகச் சேர்த்து வைக்கும் என்எஃப்சி வடிவுக்கு மாற்றினேன். ஆனால் 'ஔவையார்' என்பதை ஒகரமும் ளகரமுமாக 'ஒளவையார்' என்று தட்டச்சு செய்திருந்த பதிவுகளை எந்த இயல்பாக்கமும் தொடாது, ஏனெனில் கணினிக்கு அவை உண்மையிலேயே வேறு எழுத்துகள். மொத்தமாக மாற்றிவிடலாம் என்றால் 'ஒளி' என்ற சொல்லும் சேர்ந்து சிதைந்துவிடும். அகராதியை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத்தான் திருத்த முடிந்தது. சலிப்பான வேலைதான், ஆனாலும் இதைச் செய்யாமல் தமிழ்ப் பதிவுகளின் இணைந்தியங்குதன்மையைப் பற்றி எவரும் முடிவு சொல்லக்கூடாது என்று கருதுகிறேன்.

எழுத்துகள் சீரான பிறகுதான் பொருள் இழப்பை அளக்கத் தொடங்கினேன். மார்க்கிலிருந்து டப்ளின் கோருக்குப் போன பதிவை மீண்டும் மார்க்குக்குத் திருப்பி, புறப்பட்ட பதிவோடு வரிவரியாக ஒப்பிட்டேன். திரும்பி வராதவற்றை முதலில் 'இழப்பு' என்ற ஒரே தலைப்பில் எழுதி வந்தேன். சில வாரங்களில் அந்தத் தலைப்பு போதாது என்று தெரிந்தது. மதிப்பே காணாமற்போவது ஒரு வகை. மதிப்பு இருந்தும் அது எதற்காக இருக்கிறது என்ற உறவு அறுந்துபோவது வேறு வகை. பின்னதுதான் ஆபத்தானது, ஏனெனில் புலம் நிரம்பியிருப்பதால் சரிபார்ப்பவர் அதை நிறைவான பதிவென்று கடந்து போய்விடுவார். மீதரவு எவ்வளவு நன்றாக அமைந்திருக்கிறது என்பதை மதிப்பிட டாம் புரூஸும் டயான் ஹில்மனும் 2004-இல் வகுத்த ஏழு அளவுகோல்களில் முழுமை முதலாவதாக வருகிறது. என் மாதிரியில் முழுமைக்கு நல்ல மதிப்பெண் வாங்கிய பதிவுகள் பல, துல்லியத்தில் தோற்றன.

மொழிபெயர்ப்பு நூல்களில் இது வெளிப்படையாகத் தெரிந்தது. ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வந்த ஒரு நாவலின் பதிவை எடுத்துக்கொள்வோம். மூல ஆசிரியர் 100ஆம் புலத்தில் இருக்கிறார், மொழிபெயர்ப்பாளர் 700ஆம் புலத்தில் இருக்கிறார். பட்டியலாக்கியவர் 700-இல் 'மொழிபெயர்ப்பாளர்' என்ற பங்குக் குறியை இடவில்லை. அந்தச் செய்தி 245ஆம் புலத்தின் 'சி' துணைப்புலத்தில் பொறுப்புக் கூற்றாக, அதாவது நூலை யார் எழுதினார், யார் மொழிபெயர்த்தார் என்று சொல்லும் தொடராக மட்டும் இருக்கிறது. நான் கையாண்ட அட்டவணை 245-இலிருந்து தலைப்பை மட்டும் எடுத்துக்கொண்டு 'சி' துணைப்புலத்தை விட்டுவிட்டது. ஆகவே மொழிபெயர்ப்பாளர் 'கான்ட்ரிபியூட்டர்' (பங்களித்தவர்) கூறில் பங்கு தெரியாத வெறும் பெயராகப் போய்ச் சேர்ந்தார். அறுவடை செய்த களஞ்சியம் 'கிரியேட்டர்' (படைத்தவர்), 'கான்ட்ரிபியூட்டர்' இரண்டையும் ஒரே பத்தியில் 'ஆசிரியர்' என்று காட்டியது. அதோடும் முடியவில்லை: நூலின் மொழியையும் மூல மொழியையும் சேர்த்துச் சொல்லும் 041ஆம் புலத்தின் எல்லாத் துணைப்புலங்களையும் என் நிரல் 'லாங்குவேஜ்' கூறுக்கு அனுப்பியிருந்ததால், முழுக்கத் தமிழில் இருந்த நூல் இருமொழி நூலாகிவிட்டது. ஒருவர் பல ஆண்டு உழைத்து மொழிபெயர்த்த நூலில் அவர் என்ன செய்தார் என்பதே அழிந்துபோனதைத் திரையில் பார்த்தபோது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருந்தது. ஆய்வேட்டில் மிக நீண்ட இயல் இந்த ஒரு சிக்கலைப் பற்றியதாக அமைந்ததற்கும் அந்த வருத்தமே காரணம்.

திருத்தத்துக்கு வழி அதே 041-இல் கிடைத்தது. அந்தப் புலத்தின் முதல் சுட்டி (புலத்தின் தொடக்கத்தில் வரும் ஒற்றைக் குறி) 1 என்றிருந்தால் நூல் மொழிபெயர்ப்பு, அல்லது மொழிபெயர்ப்பைக் கொண்டது. அதை வைத்து மொழிபெயர்ப்புகளைப் பிரித்தெடுத்து, 'சி' துணைப்புலத்தைப் படித்து, 700-இல் பங்குக் குறியை நானே சேர்த்தேன். மாற்றிய பதிவை எளிய டப்ளின் கோரில் மட்டும் கொடுக்காமல், பங்கைத் தனியே சுமக்கக்கூடிய மாட்ஸ் என்ற இன்னொரு மீதரவு வடிவிலும் கொடுத்தேன். ஓஏஐ-பிஎம்எச் எளிய டப்ளின் கோரைக் குறைந்தபட்சமாகக் கட்டாயமாக்குகிறதே ஒழிய, கூடுதல் வடிவங்களைத் தடுப்பதில்லை.

மற்றவை சிறியவை, ஆனால் எண்ணிக்கையில் அதிகம். தலைப்பின் இறுதியில் ஐஎஸ்பிடி என்ற பட்டியலாக்க விதிப்படி இடப்பட்ட சாய்கோடும் முக்காற்புள்ளியும் அப்படியே ஒட்டிக்கொண்டு வந்ததால் ஒரே நூலின் இரு பதிவுகள் இரு நூல்களாக எண்ணப்பட்டன. அச்சான ஆண்டும் மின்னுருவாக்கிய ஆண்டும் ஒரே 'டேட்' கூறில் இரண்டு முறை வந்து நின்றன. அறுவடையின்போது பதிவின் தலைப்பகுதியில் வரும் தேதி பதிவு கடைசியாக மாறிய நாளைக் குறிப்பது. அதை நூல் வெளியான நாளாக எடுத்துக்கொண்டு நான் வரைந்த ஒரு வரைபடத்தை முழுவதும் கிழித்துப் போட நேர்ந்தது. நீக்கிய பதிவுகளைப் பற்றி எந்தக் குறிப்பும் வைத்திருப்பதில்லை என்று அறிவித்திருந்த களஞ்சியம் ஒன்றில் அழிக்கப்பட்ட பதிவுகள், என் பக்கத்தில் உயிரோடு இருந்தன. அவற்றைக் கண்டுபிடிக்க மொத்தத்தையும் மறுபடி அறுவடை செய்து ஒப்பிடுவதைத் தவிர வேறு வழியில்லை.

ஒன்றை மட்டும் தொடக்கத்திலேயே சரியாகச் செய்திருந்தேன். மூலப் பதிவுகளின் படியைத் தொடாமல் தனியே வைத்து, பொருத்த அட்டவணையின் ஒவ்வொரு மாற்றத்துக்கும் பதிப்பெண்ணும் தேதியும் காரணமும் எழுதி வந்தேன். பைட் கணக்குப் பிழை தெரிந்தபோதும், 041 சிக்கல் தெரிந்தபோதும், முதலிலிருந்து மீண்டும் ஓட்ட முடிந்தது அதனால்தான்.

வாய்மொழித் தேர்வில் புறத் தேர்வாளர் அந்த மொழிபெயர்ப்புப் பதிவையே எடுத்துக்கொண்டார். "பெரும்பாலானோர் எளிய டப்ளின் கோரை மட்டுமே அறுவடை செய்வார்கள், மாட்ஸைத் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள். அப்படியிருக்க 'கான்ட்ரிபியூட்டர்' கூறிலேயே பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'மொழிபெயர்ப்பாளர்' என்று எழுதிவிட வேண்டியதுதானே?" என்று கேட்டார். அப்படி எழுதினால் படிக்கும் மனிதருக்கு உடனே விளங்கும் என்பதை ஒப்புக்கொண்டேன். ஆனால் அந்தச் சரம் இனி பெயராக இராது என்பதால், அதே மனிதர் மூல ஆசிரியராக எழுதிய நூல்களோடு அதைக் கணினி பொருத்தாது, ஒருவரின் பெயரை ஒரே வடிவில் நிலைப்படுத்தி வைக்கும் அதிகாரப் பெயர்க் கோப்புகளோடும் அது சேராது என்று சொன்னேன். அவர் முழுமையாக ஏற்கவில்லை. இரு வழிகளின் விளைவையும் ஒரே பதிவில் பக்கம் பக்கமாகக் காட்டும் ஓர் அட்டவணையைச் சேர்க்கச் சொன்னார். ஆய்வேட்டில் கடைசியாக நான் எழுதிச் சேர்த்த பக்கம் அந்த அட்டவணைதான்.