ஏழு நீலப் படங்களும் ஒரு சுவரும்

அம்மா போன பிறகு அவருடைய தையல் பெட்டியை என்ன செய்வதென்று தெரியாமல் வைத்திருந்தேன். ஒருநாள் அதிலிருந்த சாமான்களை, கேமரா இல்லாமல் வெயிலிலேயே நீலப் படம் எடுக்கும் சயனோடைப் முறையில் தாளில் பதித்துப் பார்த்தேன். கத்தரிக்கோல், பாபின், விரலுறை, லேஸ் துண்டு, பொத்தான்கள். கொஞ்ச நாளில் பதினான்கு படங்கள் சேர்ந்தன. அந்தச் சமயத்தில்தான் ஒரு சமூகக் கலைக்கூடம் குழுக் கண்காட்சிக்கு விண்ணப்பம் கேட்டிருந்தது. அனுப்பினேன். முதன்முதலாகக் காட்சிக்கு வைக்கப்போகிறவர்களுக்கு உதவும் என்பதால் நடந்ததை எழுதுகிறேன்.

விண்ணப்பத்தில் படங்களைவிட என்னை அதிகம் படுத்தியது கலைஞர் குறிப்புதான். இருநூறு சொற்களுக்குள் எழுத வேண்டும். நினைவு, இழப்பு, காலத்தின் சுவடு என்றெல்லாம் எழுதி அனுப்பினேன். கண்காட்சியைப் பொறுப்பேற்று நடத்திய பெண்மணி திருப்பி அனுப்பினார். "இழப்பைப் பற்றி பார்ப்பவர்களே புரிந்துகொள்வார்கள். நீங்கள் எதை எடுத்தீர்கள், எதன்மேல் வைத்தீர்கள், எத்தனை நிமிடம் வெயிலில் காட்டினீர்கள், அதைச் சொல்லுங்கள்" என்றார். முதலில் வருத்தமாக இருந்தது. மறுபடி எழுதிய பிறகு அவர் சொன்னது எவ்வளவு சரி என்று தெரிந்தது. பழைய குறிப்பை யாருடைய படத்துக்கு வேண்டுமானாலும் ஒட்டியிருக்கலாம். புதியது என் படங்களுக்கு மட்டும்தான் பொருந்தியது.

பதினான்கில் ஏழைத்தான் எடுத்துக்கொண்டார். எனக்கு மிகவும் பிடித்த லேஸ் படம் போயிற்று. அழகாக இருக்கிறது, ஆனால் பக்கத்துப் படம் சொல்வதையே சொல்கிறது என்றார். இன்றும் அதில் எனக்கு முழுச் சம்மதம் இல்லை.

தேர்வான பிறகு ஓர் ஒப்பந்தம் வரும். அதை முழுக்கப் படியுங்கள். கொண்டுபோகும் வழியில் சேதமானால் யார் பொறுப்பு, விற்றால் கூடத்துக்கு எத்தனை சதவீதம், முடிந்ததும் எந்தத் தேதிக்குள் திரும்ப எடுக்க வேண்டும் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும்.

படங்களுக்குக் கண்ணாடிச் சட்டம் போடும்போது ஒன்றை ஏறக்குறைய இழந்தேன். சட்டத்துக்குள் படத்தை ஏற்றும் அட்டையை, அமிலமில்லாத மவுண்ட் போர்டு என்று கேட்டு வாங்கியிருந்தேன். அது போதாது. அமிலமில்லாத போர்டுகள் பலவற்றில் கால்சியம் கார்பனேட் சேர்த்திருப்பார்கள். அது காரத்தன்மை உள்ளது, மற்ற தாள்களுக்கு நல்லது. சயனோடைப்பின் நீலத்துக்குக் காரம் ஆகவே ஆகாது. ஓரத்தில் மஞ்சளாக வெளிறத் தொடங்கிய பிறகுதான் கவனித்தேன். ஏழையும் பிரித்து, அந்தச் சேர்மானம் இல்லாத போர்டில் மறுபடி ஏற்றினேன். கண்ணாடி படத்தைத் தொடாமல் இடைவெளி இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாட்டிய நாள் எனக்கு மிகவும் பிடித்த நாள். ஒவ்வொரு படத்தின் நடுப்பகுதியும் தரையிலிருந்து 58 அங்குலத்தில் வர வேண்டும் என்று முடிவு செய்தார்கள். 57 முதல் 60 வரை வைப்பது வழக்கமாம், நின்று பார்ப்பவரின் கண் மட்டம் அது. கணக்கு எளிது. என் சட்டத்தின் உயரம் 20 அங்குலம், அதில் பாதி 10. பின்னால் உள்ள கம்பியை இழுத்துப் பிடித்தால் மேல் விளிம்பிலிருந்து 3 அங்குலம் கீழே நிற்கிறது. 58 கூட்டல் 10 கழித்தல் 3, ஆக 65 அங்குலத்தில் கொக்கி. பென்சிலால் குறித்து, கொக்கி அடித்து, மாட்டியதும் ரசமட்டம் வைத்துப் பார்த்தோம். பெயர்ச்சீட்டில் பெயர், தலைப்பு, ஆண்டு, ஊடகம், அளவு என்று வரிசை. அளவில் உயரம் முதலில், அகலம் அப்புறம்.

விளக்கை 50 லக்ஸ் அளவுக்குக் குறைத்தார்கள். ஒளிக்கு எளிதில் வெளிறும் படைப்புகளுக்கு அதுதான் வரம்பு. ஆனால் கத்தரிக்கோல் படம் கதவோரச் சுவரில் இருந்தது. பிற்பகல் வெயில் அங்கே நேராக விழும் என்பதை நானும் யோசிக்கவில்லை, மற்றவர்களும் யோசிக்கவில்லை.

கடைசி வாரத்தில் கலைஞர் உரை. இருபது நிமிடம் பேச்சு, அப்புறம் கேள்விகள். எழுதிப் படிக்காமல், செய்முறையையே சொன்னேன். ஃபெரிக் அமோனியம் சிட்ரேட்டையும் பொட்டாசியம் ஃபெரிசயனைடையும் தண்ணீரில் கரைத்துக் கலந்து, மங்கிய வெளிச்சத்தில் தாளில் பூசி, காயவைத்து, மேலே பொருளை வைத்து வெயிலில் காட்டிக் கழுவினால், வெயில் பட்ட இடம் நீலமாகும், நிழல் விழுந்த இடம் வெள்ளையாக நிற்கும். 1842இல் ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்தது இது. அடுத்த ஆண்டே ஆனா அட்கின்ஸ் கடற்பாசிகளை இப்படிப் பதிக்கத் தொடங்கிவிட்டார். பின்னாளில் பொறியாளர்கள் கட்டட வரைபடங்களுக்கு நகல் எடுத்ததும் இதே முறையில்தான். புளூபிரிண்ட் என்ற சொல் அப்படி வந்தது.

கேள்வி நேரத்தில் முதலில் யாரும் வாய் திறக்கவில்லை. அந்த அமைதிக்குப் பயந்து நான் மறுபடி பேசத் தொடங்கியிருப்பேன். பொறுங்கள் என்று கையைக் காட்டினார் அந்தப் பெண்மணி. பின்வரிசையிலிருந்து ஓர் அம்மா எழுந்தார். "பாபினில் பாதி நூல் மிச்சம் இருக்கிறதே, உங்கள் அம்மா கடைசியாக என்ன தைத்தார்கள்?"

தலையணை உறை. மூன்று பக்கம் தைத்து, நான்காவது பக்கத்தை விட்டிருந்தார். அது இன்னும் என்னிடம் இருக்கிறது. அதைச் சொன்னேன். அதற்கப்புறம் கூட்டம் தானாகப் பேச ஆரம்பித்தது. தங்கள் வீட்டில் முடியாமல் கிடக்கும் தையல்களைப் பற்றி மூன்று பேர் சொன்னார்கள். நான் முதலில் எழுதியிருந்த பெரிய சொற்களில் எதையும் நான் சொல்லவேண்டி வரவில்லை.

ஒரு கல்லூரி மாணவர் கேட்டார், கத்தரிக்கோல் மட்டும் ஏன் மங்கலாக இருக்கிறது என்று. அப்போதுதான் கவனித்தேன், மற்ற ஆறைவிட அது தெளிவாகவே வெளிறியிருந்தது. வெயில்தான் காரணம், என் கவனக்குறைவு என்று சொன்னேன். ஆனால் இந்த நீலத்துக்கு ஒரு குணம் உண்டு. ஒளியால் வெளிறியதை இருட்டில், காற்றுப் படும்படி வைத்தால் நிறம் பெரும்பாலும் திரும்பும். கார போர்டினால் போனது அப்படித் தானாகத் திரும்பாது.

கண்காட்சி முடிந்து படங்களை இறக்கியதும் கத்தரிக்கோலைச் சட்டத்திலிருந்து கழற்றி அலமாரி இழுப்பறையில் வைத்தேன். வாரம் ஒருமுறை திறந்து பார்ப்பேன். ஐந்தாவது வாரம் மற்ற ஆறோடு சேர்த்து மேசையில் பரப்பினேன். எது கதவோரம் தொங்கியது என்று கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.