பிலடெல்பியா வரை: ஒரு மல்யுத்த ரசிகரின் நாட்குறிப்பு

ஜனவரி 28, 2024, ஞாயிறு

ஃபுளோரிடாவின் டிராபிகானா ஃபீல்டில் டபிள்யூடபிள்யூஇ நிறுவனம் நடத்திய, முப்பது பேர் மோதும் ராயல் ரம்பிள் சற்று முன் முடிந்தது. கடைசியாக எஞ்சியிருந்த சி.எம். பங்க்கைக் கயிற்றுக்கு மேலாகத் தூக்கி வெளியே எறிந்து கோடி ரோட்ஸ் வென்றார். சென்ற ஆண்டும் வென்றவர் அவர்தான். அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் ரம்பிளை வென்றவர்கள் என்று இதற்கு முன் ஹல்க் ஹோகன், ஷான் மைக்கேல்ஸ், ஸ்டீவ் ஆஸ்டின் ஆகிய மூவரை மட்டுமே சொல்ல முடியும். வெற்றி உறுதியான நொடியிலேயே கோடி, பட்டத்தை வைத்திருக்கும் ரோமன் ரெய்ன்ஸைச் சுட்டிக் காட்டினார்.

புதிதாகப் பார்க்கத் தொடங்கியவர்களுக்காக இந்தக் கதையின் வேரைக் குறித்து வைக்கிறேன். கோடியின் தந்தை டஸ்டி ரோட்ஸ், உழைக்கும் மக்களின் நாயகனாகக் கொண்டாடப்பட்டவர், என்.டபிள்யூ.ஏ. என்ற மற்றொரு மல்யுத்த அமைப்பின் உலகப் பட்டத்தை மும்முறை வென்றவர். ஆனால் இன்று டபிள்யூடபிள்யூஇ என்றழைக்கப்படும் நிறுவனத்தின் உலகப் பட்டம் அவருக்குக் கிடைக்கவே இல்லை. 1977இல் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் அவர் பில்லி கிரகாமை வென்றபோதும், எதிராளி ரிங்குக்கு வெளியே எண்ணப்பட்டு வந்த வெற்றி என்பதால் பட்டம் கை மாறவில்லை. தந்தைக்கு எட்டாத அந்தப் பட்டத்தைத் தான் வென்று கதையை முடிப்பேன் என்று சொல்லித்தான் 2022 ஏப்ரலில் கோடி திரும்பி வந்தார். சென்ற ஆண்டு நிறுவனத்தின் ஆண்டுப் பெருநிகழ்ச்சியான ரெஸ்ல்மேனியாவில், ரோமனின் ஆளான சோலோ சிகோவாவின் குறுக்கீட்டால் ரோமனிடம் தோற்றார். அந்தத் தோல்வியை நான் அன்று ஏற்றுக்கொண்டேன், மறுமுறை வரும் என்ற நம்பிக்கையில். ரம்பிளை வென்றவருக்கு ரெஸ்ல்மேனியாவில் பட்டப் போட்டி என்பது இந்த ஆட்டத்தின் எழுதப்பட்ட விதி. இந்த ஆண்டு அது ஏப்ரலில் பிலடெல்பியாவில். எனவே பாதை தெளிவாகத் தெரிகிறது.

பிப்ரவரி 3, சனி

பாதை அடைக்கப்பட்டுவிட்டது.

பர்மிங்காமில் நடந்த வாராந்தர நிகழ்ச்சியான ஸ்மாக்டவுனில் கோடி ரோமனின் முன்னால் நின்று, உன்னிடமிருந்து எல்லாவற்றையும் பறிப்பேன், ஆனால் ரெஸ்ல்மேனியாவில் அல்ல என்று சொன்னார். அடுத்த கணம், ஹாலிவுட் நட்சத்திரமாகிவிட்ட முன்னாள் சாம்பியன் ராக்கின் (டுவைன் ஜான்சன்) இசை ஒலித்தது. ராக் வந்தார், கோடி அவருடன் கைகுலுக்கி, அவரை அணைத்துவிட்டு, ரிங்கை விட்டு இறங்கிப் போனார். ராக்கும் ரோமனும் மூக்கோடு மூக்கு உரச நின்ற காட்சியோடு நிகழ்ச்சி முடிந்தது.

நேர்மையாக ஒன்றைப் பதிவு செய்ய வேண்டும். அரங்கில் இருந்தவர்கள் ராக்கைக் கண்டதும் ஆரவாரித்தார்கள். அதில் வியப்பில்லை; அந்த மனிதரை நேரில் பார்ப்பது பலருக்கு வாழ்நாளில் ஒரு முறை வாய்க்கும் வாய்ப்பு. ஆனால் அந்த ஆரவாரம் அடங்கிய சில மணி நேரத்திற்குள் யூடியூபில் அந்தக் காட்சிக்கு எதிர்ப்புக் குறிகள் குவியத் தொடங்கிவிட்டன. ‘வீ வாண்ட் கோடி’ என்ற முழக்கம் இணையமெங்கும் ஒலிக்கிறது.

இந்தக் கோபத்தை ராக்கின் மீதான வெறுப்பு என்று சிலர் எழுதுவது தவறான வாசிப்பு. புத்தாண்டு நாளில் சான்டியாகோவில் அவர் திடீரென்று தோன்றி, மேசையின் தலைமை இருக்கையில் அமரட்டுமா என்று, அந்த இருக்கை தன்னுடையது என்று சொல்லிவரும் ரோமனை மறைமுகமாகச் சீண்டியபோது இதே ரசிகர்கள்தான் துள்ளிக் குதித்தார்கள். இன்று மீறப்பட்டிருப்பது கதை தனக்குத் தானே வகுத்துக்கொண்ட விதி. முப்பது பேர் மோதிய போட்டியில் வென்றவன் தன் உரிமையை, அந்தப் போட்டியில் பங்கேற்காத ஒருவருக்குக் காரணமே சொல்லாமல் விட்டுக்கொடுக்கிறான் என்றால், அந்த வெற்றிக்கு என்ன பொருள்? பத்து நாட்களுக்கு முன்புதான் ராக் தாய் நிறுவனமான டிகேஓவின் இயக்குநர் குழுவில் அமர்ந்தார். இதனால், முதலாளி ஒருவர் தொழிலாளியின் இடத்தைப் பறித்தார் என்ற கதை தானாகவே உருவாகிவிட்டது. அதை எழுத எழுத்தாளர் எவரும் தேவைப்படவில்லை.

பிப்ரவரி 6, செவ்வாய்

செயின்ட் லூயிஸில் நடந்த மற்றொரு வாராந்தர நிகழ்ச்சியான ராவை இன்று காலை பார்த்தேன். இணையத்தின் கோபம் அரங்கிற்குள் வருமா என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. சேத் ராலின்ஸும் கோடியும் பேசிக்கொண்டிருந்தபோது ‘ராக்கி சக்ஸ்’ என்ற கூச்சல் கூட்டத்திலிருந்து கிளம்பியது. ராக் அங்கே இல்லை. இல்லாத ஒருவரை நோக்கி ஓர் அரங்கமே கூச்சலிடுவதைக் கேட்பது விசித்திரமாக இருந்தது.

ராக்குக்கு இந்த ஓசை புதிதல்ல. 1996 நவம்பரில் சர்வைவர் சீரிஸில் ராக்கி மைவியா என்ற பெயரில், சிரித்த முகத்தோடு, குற்றமே இல்லாத நல்லவனாக அவர் அறிமுகமானார். சில மாதங்களிலேயே, அவர் செத்துப்போக வேண்டும் என்ற கொடூரமான கோஷத்தைக் கூட்டம் எழுப்பத் தொடங்கியது. அந்த வெறுப்பை எதிர்த்து நிற்காமல், 1997இல் நேஷன் ஆஃப் டாமினேஷன் குழுவில் சேர்ந்து வில்லனாக மாறியபோதுதான், உலகமறிந்த ராக் பிறந்தார். ரசிகர்களின் நிராகரிப்பைத் தன் கச்சாப்பொருளாக ஆக்கிக்கொண்ட மனிதர் அவர். இப்போதும் அதைச் செய்யும் துணிவு அவரிடம் இருந்தால் நான் மகிழ்வேன்.

பிப்ரவரி 9, வெள்ளி

துணிவு இருந்தது.

லாஸ் வேகாஸின் டி-மொபைல் அரினாவில் செய்தியாளர் சந்திப்பு என்ற பெயரில் நடந்த நிகழ்ச்சியில், ராக்கும் ரோமனும் தங்கள் குடும்ப வழியைத் திரையில் காட்டிப் பெருமை பேசிக்கொண்டிருந்தார்கள். அப்போது கோடி மேடையேறி, ரம்பிளை வென்றவன் நான், தேர்வு செய்யும் உரிமை என்னுடையது, நான் தேர்ந்தெடுப்பது ரோமனை என்று அறிவித்தார். கூட்டம் எழுந்து நின்றது. சொற்கள் தடித்தன, ராக் கோடியின் கன்னத்தில் ஓங்கி அறைந்தார். அந்த அறையின் ஓசையோடு ராக் மீண்டும் வில்லனாகிவிட்டார்.

இது முதலிலேயே போடப்பட்ட திட்டமா, ரசிகர்களின் கோபத்துக்குப் பணிந்து செய்த மாற்றமா என்ற வாதம் நெடுநாள் ஓடும். எனக்கு அதில் பெரிய ஆர்வமில்லை. செயின்ட் லூயிஸ் அரங்கில் எழுந்த கூச்சலை எவரும் எழுதிக் கொடுத்திருக்க முடியாது. நிறுவனம் அதைக் கேட்டது, கதைக்குள் சேர்த்துக்கொண்டது என்பதே எனக்குப் போதும்.

சரியாகப் பத்தாண்டுகளுக்கு முன் இப்படி ஒன்று நடந்தது. 2014 ஜனவரி 26 அன்று பிட்ஸ்பர்க்கில் நடந்த ரம்பிள் போட்டியில், ரசிகர்கள் பெரிதும் விரும்பிய டேனியல் பிரையன் பங்கேற்கவே இல்லை. கடைசி எண்ணில் அவர் வருவார் என்று காத்திருந்த கூட்டம், வந்தவர் ரே மிஸ்டீரியோ என்று கண்டதும், எல்லோருக்கும் பிடித்தமான அந்த மனிதரையே ஏளனக் கூச்சலால் வரவேற்றது. வென்ற பட்டிஸ்டாவுக்குக் கிடைத்ததும் அதே வரவேற்புதான். மார்ச் 10 அன்று மெம்பிஸில், ‘யெஸ்’ என்ற தன் முழக்கத்தை எழுதிய சட்டை அணிந்தவர்களால் ரிங்கையே நிரப்பி, பிரையன் தன் இடத்தைப் பெற்றுக்கொண்டார். ஏப்ரலில் நியூ ஆர்லியன்ஸில் ஒரே இரவில் டிரிப்பிள் எச்சையும், பிறகு ஆர்ட்டனையும் பட்டிஸ்டாவையும் வென்று பட்டத்தை உயர்த்தினார். அன்று கூட்டத்தின் எதிர்ப்பைக் கதையாக மாற்றும் காட்சியில் வில்லனாக நின்ற டிரிப்பிள் எச்தான் இன்று படைப்புப் பொறுப்பில் இருக்கிறார். அந்தப் பாடம் அவருக்கு மறந்திருக்காது என்றே எண்ணுகிறேன்.

பிப்ரவரி 17, சனி

சால்ட் லேக் சிட்டி. ராக் முறைப்படி ரோமனின் குடும்பக் குழுவான பிளட்லைனில் சேர்ந்தார். ஊர்க்காரர்களை அவர் திட்டத் திட்ட, அவர்கள் கூச்சலிட்டு மகிழ்ந்தார்கள். தன்னை எதிர்த்த ரசிகர்களை அழுமூஞ்சிகள் என்று அழைப்பது அவருக்கு நன்றாகப் பொருந்துகிறது.

மார்ச் 26, செவ்வாய்

சிகாகோவை அடுத்த ரோஸ்மான்ட்டில் நடந்த ராவை என்னால் எளிதில் மறக்க முடியாது. தொடக்கத்தில் ராக் ரிங்குக்கு வந்து, கோடியின் காதருகே குனிந்து, ஏதோ சொல்லிவிட்டுச் சிரித்தபடி திரும்பிப் போனார். நமக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை. கடைசியில், அரங்கின் வெளிப்புறத்தில், கொட்டும் மழையில், கோடியை ரத்தம் வழிய அடித்தார். கோடியின் தாயை விளித்துப் பேசிக்கொண்டே, அவருக்கென்று செய்த இடுப்புப் பட்டையில் மகனின் ரத்தத்தைப் பூசினார்.

இந்தக் காட்சியை அரங்கிலிருந்தவர்கள் திரையில்தான் பார்த்தார்கள். ஆகவே இங்கே கூட்டத்தின் எதிர்வினை என்று சொல்ல ரசிகர்களின் எழுத்துகளே இருக்கின்றன; அவற்றில் பெரும்பாலானவை ராக்கைப் புகழ்கின்றன. நானும் புகழ்கிறேன். ஆனால் ஒரு கவலை உண்டு. வில்லன் இவ்வளவு சிறப்பாக நடிக்கும்போது, கூட்டம் அவரையே ரசிக்கத் தொடங்கி, அடிபட்டவனை மறந்துவிடும் ஆபத்து இருக்கிறது. ராக் 1998இல் அப்படித்தான் வெறுக்கப்பட்ட நிலையிலிருந்து விரும்பப்படுபவராக மாறினார். கோடிக்காகப் பேசிய குரல் பிலடெல்பியாவில் அதே வலிமையோடு ஒலிக்க வேண்டும்.

ஏப்ரல் 7, ஞாயிறு

முதல் இரவு. நமக்கு அதிகாலை 4.30க்கே தொடங்கிவிட்டது. குந்தரின் 666 நாள் இன்டர்கான்டினென்டல் பட்ட ஆட்சியைச் சாமி ஜேய்ன் முடித்தபோது லிங்கன் ஃபைனான்ஷியல் ஃபீல்டு அதிர்ந்தது. சென்ற ஆண்டு மான்ட்ரியலில், தன் சொந்த ஊர் மக்களின் முன்னால் ரோமனிடம் தோற்ற சாமிக்கு இது தாமதமாக வந்த நீதி. ஜிம்மி, ஜே ஊசோ சகோதரர்களின் போட்டியோ பெரும் எதிர்பார்ப்பைச் சுமந்து வந்து, கூட்டத்தைத் தொடாமலே முடிந்தது.

முடிவுப் போட்டி முக்கால் மணி நேரம் நீடித்தது. ராக்கும் ரோமனும் கோடியையும் சேத்தையும் வென்றார்கள். கோடியை அமுக்கி மூன்று எண்ண வைத்தவர் ராக்கேதான். எனவே முன்கூட்டியே வைத்த நிபந்தனையின்படி நாளைய பட்டப் போட்டி பிளட்லைன் விதிப்படி, அதாவது விதியே இல்லாமல் நடக்கும். தோல்விக்குப் பிறகு கூட்டத்திடம் பிப்ரவரி மாதத்தின் கோபத்தைக் காணோம். கதையின் மீது நம்பிக்கை வைத்தவர்கள் தோல்வியையும் பொறுத்துக்கொள்வார்கள் என்பதை நிறுவனம் கவனித்திருக்கும் என நம்புகிறேன்.

இந்த நகருக்கு வேறொரு கணக்கும் பாக்கி இருக்கிறது. 2015 ஜனவரியில், இந்த மைதானத்திற்கு எதிரிலுள்ள வெல்ஸ் ஃபார்கோ சென்டரில், ரோமன் ரெய்ன்ஸ் ரம்பிளை வென்றபோது கூட்டம் அவரைக் காது கூசும் அளவுக்கு ஏளனம் செய்தது. அவருக்கு ஆதரவாக வந்து, அவருடைய கையை உயர்த்திப் பிடித்தவர் ராக். ராக்கின் புகழால்கூட அந்தக் கூச்சலை அடக்க முடியவில்லை. அவரது முகத்தில் குழப்பம் வெளிப்படையாகத் தெரிந்தது. அன்று நிறுவனம் கேட்க மறுத்தது. விளைவு, திறமை மிகுந்த ஒருவர் ஆண்டுக்கணக்கில் கூட்டத்தோடு மல்லுக்கட்ட நேர்ந்தது.

ஏப்ரல் 8, திங்கள்

கோடி வென்றார்.

ஜிம்மி வந்தார், ஜே வந்தார், சோலோ வந்தார். ஜான் சீனா வந்தபோது மைதானத்தின் கூச்சல் ஒலிவாங்கிகளின் எல்லையைத் தாண்டியது. ராக் வந்தார், விளக்குகள் அணைந்து மணியோசை கேட்டு, அண்டர்டேக்கர் அவரைத் தொண்டையைப் பிடித்துத் தூக்கி அடித்தார். இவையெல்லாம் கூட்டத்துக்கு விருந்துதான். ஆனாலும் நான் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தது வேறொரு இடம்.

சேத் ராலின்ஸ், ஒருகாலத்தில் ரோமனோடு சேர்ந்திருந்த ஷீல்ட் குழுவின் பழைய உடையில் வந்து கீழே விழுந்து கிடக்கிறார். ரோமனின் கையில் இரும்பு நாற்காலி. ஒரு பக்கம் கோடி, மறுபக்கம் சேத். 2014இல் இதே சேத், ஷீல்ட் குழுவை உடைத்து, ரோமனின் முதுகில் நாற்காலியால் அடித்தவர். ரோமன் இருவரையும் பார்க்கிறார். பட்டத்தைக் காக்க வேண்டிய நொடியில், பத்தாண்டுப் பகையைத் தேர்ந்தெடுத்து சேத்தை அடிக்கிறார். அந்த இடைவெளி போதுமானதாக இருந்தது. கோடி தன் முடிவடியான கிராஸ் ரோட்ஸைத் தொடர்ந்து மூன்று முறை போட்டு, ரோமனை மூன்று எண்ணும்வரை அமுக்கிப் பிடித்தார். குறுக்கிட வந்தவர்களை நீக்கிவிட்டுப் பார்த்தாலும், ரோமன் தன் மனத்தாலேயே வீழ்ந்தார் என்பது விளங்கும். இந்த எழுத்தாளர்களுக்கு என் மரியாதை.

1,316 நாட்கள். இந்த ஆட்சி 2020 ஆகஸ்ட் 30 அன்று ஆர்லாண்டோவில், பெருந்தொற்றுக் காலத்தில், இருக்கைகளில் மனிதர்கள் இல்லாமல், திரைகளில் முகங்கள் மட்டும் ஒளிர்ந்த அரங்கில் தொடங்கியது. கூட்டம் நிராகரித்த ரோமன், கூட்டமே இல்லாத நாட்களில்தான் தன் உண்மையான உருவத்தைக் கண்டடைந்தார்; பிறகு அரங்குகள் நிறைந்தபோது அவரை அங்கீகரிப்பதற்கு எல்லோரும் ஒற்றை விரலை உயர்த்தினார்கள். அந்த ஆட்சி முடிவதைக் காண இரண்டு இரவுகளிலும் சேர்த்து 1,45,298 பேர் வந்ததாக நிறுவனம் அறிவித்திருக்கிறது. சமந்தா இர்வின் புதிய சாம்பியனின் பெயரை அறிவித்தபோது அவர் குரல் தழுதழுத்தது. எனக்கும் கண்கள் கலங்கின.

ஏப்ரல் 9, செவ்வாய்

இன்றைய ராவும் பிலடெல்பியாவில்தான், 2015இல் ரோமனும் ராக்கும் ஏளனம் கேட்ட அதே வெல்ஸ் ஃபார்கோ சென்டரில். கோடியின் நுழைவுப் பாடலைக் கூட்டம் ஒரே குரலில் பாடியது. ராக் வந்து, கோடியிடம் தங்கள் கணக்கு முடியவில்லை என்று சொல்லிவிட்டு விடைபெற்றார்.

இனி எனக்கு இருக்கும் அக்கறை ஒன்றுதான். 2021இல் ஏ.இ.டபிள்யூ என்ற போட்டி நிறுவனத்தில் இதே கோடியை ரசிகர்கள் விடாமல் ஏளனம் செய்தார்கள். உலகப் பட்டத்துக்கு இனிப் போட்டியிட முடியாது என்ற நிபந்தனைக்குத் தன்னைத் தானே கட்டிக்கொண்டு, எங்கும் நகராத நல்லவனாக அவர் நின்றதே அதற்குப் பெருங்காரணம். துரத்துபவனாக இருக்கும்வரை கூட்டம் அவரோடு ஓடியது. பட்டத்தை வைத்திருப்பவனாக அவர் ஒவ்வொரு வாரமும் புதிய எதிரிகளைச் சந்திக்க வேண்டும். வெற்றிகளில் சில கடினமானவையாக இருக்க வேண்டும். தந்தையின் பெயரை ஒவ்வொரு உரையிலும் சொல்வதை அவர் நிறுத்திக்கொள்வது நல்லது. மே 4 அன்று பிரான்ஸின் லியோனில் பேக்லாஷ் நிகழ்ச்சி நடக்கவிருக்கிறது. ஐரோப்பியக் கூட்டங்கள் பாடுவதில் சளைத்தவை அல்ல. அங்கே அவருக்கு எதிராக யாரை நிறுத்துகிறார்கள் என்பதை அடுத்த வாரங்களில் எழுதுகிறேன்.