பாட்ரிசியா பாத்: மே மாதக் குறிப்புகள்

2024 மே 17, வெள்ளி

1988-ல் இதே தேதியில்தான் கண் மருத்துவர் பாட்ரிசியா பாத்துக்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. எண் 4,744,360. மருத்துவக் கருவிக்குக் காப்புரிமை பெற்ற முதல் கறுப்பினப் பெண் மருத்துவர் என்று அவரைச் சொல்வது இதை வைத்துத்தான். கண்புரையை லேசரால் கரைத்தெடுக்கும் கருவி அது. 'லேசர்ஃபேக்கோ' என்று பெயர் வைத்தார். யோசனை 1981-ல் வந்துவிட்டது. அதற்கேற்ற லேசரைத் தேடி பெர்லின்வரை போகவேண்டியிருந்தது. விண்ணப்பம் போட 1986 டிசம்பர் ஆயிற்று.

முனை ஒன்று, வேலை மூன்று. நடுவில் லேசரைக் கொண்டுபோகும் ஒளியிழை. அதையொட்டி நீரை உள்ளே விட ஒரு வழி, கரைந்ததை உறிஞ்ச ஒரு வழி. சுமார் 1 மில்லிமீட்டர் கீறல் போட்டு, முனையைப் புரை பிடித்த லென்ஸ்வரை கொண்டுபோக வேண்டும். 308 நானோமீட்டர் புற ஊதா ஒளி விட்டு விட்டுப் பாயும். அது சூட்டால் பொசுக்குவதில்லை, மூலக்கூறுகளின் பிணைப்பையே அறுக்கிறது. கவனிக்க வேண்டியது நீர்க்கணக்கு. உள்ளே போவதைவிட உறிஞ்சல் மிஞ்சினால் கண்ணின் முன்னறை சுருங்கி, லென்ஸின் பின்னுறை முனையை நோக்கி எழும்பும். அந்த உறையின் தடிமன் சில மைக்ரான்தான். கிழிந்தால் புரைத் துண்டுகள் கண்ணின் பின்பக்கம் விழும். செயற்கை லென்ஸ் சரியாக உட்கார இடமிருக்காது.

இன்று புரை ஆபரேஷனெல்லாம் இவர் கருவியில்தான் நடக்கிறது என்று எழுதுகிறவர்கள் உண்டு. இல்லை. அமெரிக்கக் கண் மருத்துவர் சார்ல்ஸ் கெல்மன் 1967-ல் தொடங்கிய, புரையை அல்ட்ராசவுண்டால் உடைத்தெடுக்கும் முறைதான் இன்னமும் பெருவழக்கு. பாத்தின் பெருமைக்கு அந்தப் பொய் தேவையும் இல்லை.

மே 18, சனி

பிறந்தது நியூயார்க்கில் கறுப்பினத்தவர் மிகுந்த ஹார்லெமில், 1942 நவம்பர் 4. அப்பா ரூப்பர்ட் டிரினிடாடிலிருந்து வந்தவர். கப்பலில் வேலை பார்த்திருக்கிறார், சுரங்க ரயில் ஓட்டியிருக்கிறார், பத்திரிகையில் பத்தியும் எழுதியிருக்கிறார். அம்மா கிளாடிஸ் வீட்டுவேலை செய்து சேர்த்த காசு பிள்ளைகளின் படிப்புக்குப் போனது. மகளுக்கு வேதியியல் சோதனைப் பெட்டி வாங்கித் தந்ததும் அம்மாதான். ஹண்டர் கல்லூரியில் 1964-ல் பட்டம், ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் 1968-ல் டாக்டர்.

மே 21, செவ்வாய்

அவர் வாழ்க்கையில் ஒரே ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னால் காப்புரிமையை எடுக்கமாட்டேன். ஹார்லெமில் அவர் போட்ட கணக்கை எடுப்பேன்.

1960களின் கடைசியில் ஹார்லெம் மருத்துவமனையிலும் கொலம்பியா பல்கலைக்கழகத்திலும் பயிற்சி எடுத்தார். ஹார்லெம் கண் பிரிவில் பாதிப்பேர் பார்வை போனவர்கள், இல்லாவிட்டால் மங்கியவர்கள். சில மைல் தள்ளியிருந்த கொலம்பியாவில் அப்படிப்பட்டவர்களைக் காண்பதே அரிது. ஏனென்று பதிவேடுகளைப் புரட்டினார். கறுப்பினத்தவரிடையே பார்வையின்மை வெள்ளையரைவிட 2 மடங்கு. கண் அழுத்த நோயால் வரும் பார்வையின்மையோ 8 மடங்கு.

அந்த 8-தான் வயிற்றைக் கலக்குவது. புரை முற்றினாலும் எடுத்துவிடலாம், பார்வை திரும்பும். கண் அழுத்த நோய் (கிளாக்கோமா) பார்வை நரம்பைத் தின்னும், போனது போனதுதான். பெரும்பாலும் வலி இருக்காது. ஓரப்பார்வை முதலில் போவதால், எதிரில் இருப்பவர் முகம் தெரிகிறவரை ஆளுக்குச் சந்தேகமே வராது. அவர் மருத்துவமனைக்கு வரட்டும் என்று காத்திருந்தால் வரும்போது பாதி நரம்பு இருக்காது.

ஹார்லெமில் கண் அறுவை சிகிச்சைக்கு அப்போது வழியில்லை. கொலம்பியாவின் பேராசிரியர்களிடம் பேசி, காசு வாங்காமல் அங்கே வந்து ஆபரேஷன் செய்ய வைத்தார். அவரும் கூடவே நின்று உதவினார்.

மே 22, புதன்

நேற்றையதன் தொடர்ச்சி. நோயாளி வராவிட்டால் நாம் போகவேண்டும் என்பதுதான் அவர் 'சமூகக் கண் மருத்துவம்' என்று பெயரிட்டது. பயிற்சி பெற்ற தொண்டர்கள் முதியோர் மையங்களுக்கும் குழந்தைகள் காப்பகங்களுக்கும் போய்ப் பார்வையைச் சோதிப்பார்கள். 1976-ல் இதற்காகவே பார்வையிழப்புத் தடுப்புக்கான அமெரிக்க நிறுவனத்தை வேறு சிலரோடு சேர்ந்து தொடங்கினார்.

இந்த மாதிரிச் சோதனை எளிதாகத் தெரியும், பிசகுவதும் எளிது. ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடச் சொல்லவேண்டும்; விரலால் மூடினால் பிள்ளைகள் இடுக்கு வழியே பார்த்துவிடும். கண்ணை அழுத்தி மூடினால், பிறகு அந்தக் கண்ணைச் சோதிக்கும்போது எழுத்து கலங்கித் தெரியும். கண் அழுத்தம் 10 முதல் 21 மி.மீ. பாதரசம் வரை இருந்தால் சாதாரணம் என்பார்கள். இறுக்கமான காலர், மூச்சைப் பிடித்துக்கொள்வது, இமையை இடுக்குவது எல்லாமே எண்ணை ஏற்றிக் காட்டும். எண் சரியாக இருந்தும் நோய் இருப்பவர்கள் உண்டு. அதனால் கண்ணுக்குள் தெரியும் பார்வை நரம்பின் தலையையும் பார்க்காமல் ஆளை அனுப்பக்கூடாது.

மே 26, ஞாயிறு

நியூயார்க் பல்கலைக்கழகத்தில் கண் மருத்துவ மேற்பயிற்சி, 1970 முதல் 1973 வரை. அங்கே அந்த இடம் கிடைத்த முதல் கறுப்பினத்தவர். மகள் பிறந்தது அதற்கு நடுவில், 1972-ல். அந்த மகள் பின்னாளில் மனநல மருத்துவரானார்.

1974-ல் லாஸ் ஏஞ்சலஸ். மறுவருடம் அங்கேயுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் (யுசிஎல்ஏ) ஜூல்ஸ் ஸ்டைன் கண் மருத்துவ நிலையத்தில் முதல் பெண் ஆசிரியர். கொடுத்த அறை அடித்தளத்தில், ஆய்வுக்கூட விலங்குகளுக்குப் பக்கத்தில். இனம், பால் என்று எந்தப் பேச்சும் எடுக்காமல், இது பொருத்தமில்லை என்று மட்டும் சொல்லி வேறு அறை வாங்கினார். 1983-ல் டிரூ மருத்துவப் பள்ளியும் யுசிஎல்ஏ-வும் சேர்ந்து நடத்திய கண் மருத்துவப் பயிற்சித் திட்டத்துக்குத் தலைவர். நாட்டிலேயே அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் பெண்.

மே 30, வியாழன்

2019-ல் இன்று, சான் பிரான்சிஸ்கோவில் காலமானார். வயது 76. அதற்கு முந்தைய மாதம்தான் பெண் கண்டுபிடிப்பாளர்களைப் பற்றி அமெரிக்க செனட் குழுவின் முன் சாட்சி சொல்லியிருந்தார். கண்டுபிடிப்பாளர்களைக் கௌரவிக்கும் அமெரிக்காவின் தேசியக் கண்டுபிடிப்பாளர் அரங்கில் அவர் பெயர் ஏறியது 2022-ல்.

தன் வேலையில் உச்சமாக அவர் நினைத்தது வட ஆப்பிரிக்காவில் செய்த ஓர் ஆபரேஷனை. 30 வருடமாகப் பார்வையில்லாத பெண்ணுக்குச் செயற்கைக் கருவிழி (கார்னியா) பொருத்தினார். வெளுத்துப்போன கருவிழியின் நடுவே ஒளி புகும் பிளாஸ்டிக் உருளையைச் செருகும் வேலை அது. முன்கூட்டியே பார்க்கவேண்டியது, டார்ச் அடித்தால் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறதென்று நோயாளி சொல்கிறாரா என்பது. சொல்லாவிட்டால் பின்னால் நரம்பு செத்திருக்கலாம், முன்னால் சன்னல் வைத்துப் பயனில்லை. பொருத்திய பிறகும் பெரிய எதிரி கண் அழுத்தம்தான். பிளாஸ்டிக்கின் மேல் வழக்கமான அழுத்தமானி வேலை செய்யாது. மேலிமையின் மீது இரண்டு ஆள்காட்டி விரல்களை வைத்து, மாற்றி மாற்றி மெல்ல அமுக்கி, கண் எவ்வளவு இறுகியிருக்கிறதென்று மருத்துவர் விரலால்தான் கணிக்கவேண்டும்.