காக்காவ ஏமாளின்னு சொல்றதுக்கு முன்னாடி

ரெண்டு மூணு நாளா எங்க மொட்டை மாடி கைப்பிடிச் சுவர்ல ஒரு கூத்து நடக்குது. பழுப்புக் கலர்ல புள்ளி புள்ளியா ஒரு பறவை, நல்லா வளந்த சைஸ்தான், ஆனா றெக்கைய படபடன்னு அடிச்சுக்கிட்டு வாயப் பொளந்து கத்துது, உடனே ஒரு காக்கா வந்து நாங்க வச்ச சோத்தையே எடுத்து அது வாய்ல திணிச்சுட்டுப் போகுது. அம்மா பாத்துட்டு "பாவம்டா, யார் புள்ளைன்னே தெரியாம ஊட்டுது பாரு, இதப் போய் புத்திசாலிங்கற"ன்னாங்க.

அது குயில் குஞ்சு, பொட்டை. (கூவுறது ஆண் குயில்தாங்க, பொட்டை கிக் கிக்னு கத்துறதோட சரி. கவிஞர்கள் மன்னிக்கணும்.)

அம்மா கேட்டது நியாயமான கேள்விதான். அமெரிக்காவுல வாஷிங்டன் யுனிவர்சிட்டில ஜான் மார்ஸ்லஃப்னு ஒருத்தர் 2006ல முகமூடி போட்டுக்கிட்டு காக்காவப் பிடிச்சு விட்டாரு, அப்புறம் அதே முகமூடியோட யாரு நடந்தாலும் வருஷக்கணக்கா காக்கா திட்டிச்சு. அது அந்த ஊர் வேற வகைக் காக்கா, ஆனா நம்ம ஊரு காக்காவும் லேசுப்பட்டது இல்ல. அப்படிப்பட்டது கூட்டுக்குள்ள இருக்கிற அடுத்தவன் குஞ்சக் கண்டுபிடிக்காதா?

எனக்குத் தோணுறது, கண்டுபிடிக்கிறதுக்கும் ஒரு விலை இருக்கு. குயில் முட்டை கொஞ்சம் சின்னது, ஆனா காக்கா முட்டை மாதிரியே வெளிறுன பச்சைல புள்ளி போட்டிருக்கும். சந்தேகப்பட்டு ஒண்ணத் தூக்கிப் போட்டு, அது சொந்த முட்டையா இருந்துட்டா? போச்சு. சும்மா இருந்தா அவ்ளோ பெரிய நஷ்டமும் இல்ல, ஏன்னா நம்ம குயில் குஞ்சு கொலைகாரன் கிடையாது. ஐரோப்பாவுல குக்கூன்னு குயிலுக்குச் சொந்தக்காரப் பறவை ஒண்ணு, அதுவும் அடுத்தவன் கூட்டுலதான் முட்டை போடும்; அதோட குஞ்சு, கண்ணே தொறக்காத வயசுல, முதுகுல இருக்கிற பள்ளத்துல மத்த முட்டைகள ஏத்தி ஒவ்வொண்ணா வெளிய தள்ளிரும். அத 1788ல எழுதுனவரு எட்வர்ட் ஜென்னர், ஆமா, அம்மை தடுப்பூசிக்காரரேதான்! அங்க ஏமாந்தா வீட்டுக்காரப் பறவைக்கு அந்தக் கூட்டுல ஒண்ணும் மிஞ்சாது, அதனால அந்தக் குருவிங்க முட்டைய உத்துப் பாத்து தூக்கி எறிய ஆரம்பிச்சுது, குக்கூவும் பதிலுக்கு முட்டைய இன்னும் கச்சிதமா காப்பி அடிக்குது, இப்படியே போட்டி போயிட்டிருக்கு.

நம்ம குயில் வேற ரூட்டு. காக்கா முட்டை பொரிய 16, 17 நாள் ஆகும், இது 12லேர்ந்து 14 நாள்லயே வெளிய வந்து மொதப் பந்தில உக்காந்துரும். சாப்பாடு பத்தாம காக்காக் குஞ்சு சிலது செத்துப்போகும்தான், ஆனா பல கூட்டுல ரெண்டும் சேந்தே வளரும். அரைகுறை நஷ்டத்துக்காக சொந்தப் புள்ள மேலயே சந்தேகப்படுற புத்தி காக்காவுக்கு வளரல போல.

இதெல்லாம் சொன்னேன், அம்மா "அப்போ பாவம் பாத்து ஊட்டல, கணக்கு பாத்து ஊட்டுதுங்கற"ன்னாங்க. அது கணக்கு போடலம்மா, பல்லாயிரம் தலைமுறை போட்ட கணக்குன்னு சொல்றதுக்குள்ள குக்கர் விசில் அடிச்சிருச்சு.

இன்னிக்குக் காலைல புள்ளிக்காரி வரல. காக்கா மட்டும் வந்துச்சு, சோத்த வாய்ல வச்சுக்கிட்டு கொஞ்ச நேரம் அங்கயும் இங்கயும் பாத்துச்சு, அப்புறம் தானே முழுங்கிருச்சு.